வலிக்காத அக்கா

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வலிக்காத அக்கா என்று பெயர். யார் வைத்த பெயரோ தெரியாது. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்காருகிறவர்கள், "அந்த வலிக்காத அக்கா இருக்காங்களா? இல்லேன்னா நான் நாளைக்கு வரேன்" என்பார்கள். கூட வேலை பார்த்த இரண்டு பேருக்கும் இதில் எரிச்சல்தான். ஊசி எல்லோருக்கும் ஒரே ஊசி. இவள் மட்டும் என்ன பூவாலா குத்துகிறாள்?

சூட்சுமம் கையில் இல்லை, வாயில் இருந்தது. ரப்பர் பட்டையைக் கட்டும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவாள். "எத்தனை பசங்க? மூத்தவ என்ன படிக்கிறா? அடேங்கப்பா, கணக்கா? அது யார் மூளை, உங்க மூளையா அவங்கம்மா மூளையா?" அந்த ஆள் பதில் சொல்ல வாயைத் திறக்கும் நொடியில் ஊசி உள்ளே போயிருக்கும். குழாய் நிரம்பிப் பஞ்சை வைத்து அழுத்துகிறபோதுதான், "குத்திட்டீங்களா?" என்று கேட்பார்கள். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

ஒருநாள் ஒரு பெண், ரத்தம் கொடுத்து முடித்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கையை மடக்கிப் பஞ்சைப் பிடித்தபடி சத்தமில்லாமல் அழுதாள். வாசலில் பதினான்கு பேர் நின்றார்கள். அக்காவிடம் இருந்தது பஞ்சும் பேச்சும்தான், இரண்டும் அன்றைக்கு உதவவில்லை. "அடுத்து வாங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அப்படிச் சொல்லாமல் இருக்கக்கூடிய ஒரு வேலை இருக்க வேண்டும் என்று அன்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த வருஷம், நாற்பத்தேழாவது வயதில், மனநல சிகிச்சைப் படிப்பில் சேர்ந்துவிட்டாள். வாரக் கடைசிகளில் மட்டும் வகுப்பு, நாலு வருஷப் படிப்பு.

"இத்தனை வருஷம் ரத்தம் எடுத்தா, இனிமே கண்ணீர் எடுக்கப் போறா" என்றார் கணவர். அப்போது அவருடைய மருந்துக் கடை இருந்தது. வாடிக்கையாளர்களிடம் எல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தார்.

மகள் தன் பங்குக்கு, "அம்மா பேசறதுக்கு ஒரு படிப்பு வேறயா? அவளை நிறுத்தறதுக்குத்தான் படிப்பு வேணும்" என்றாள். அது எவ்வளவு சரியான பேச்சு என்று அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, சொன்னவளுக்கும் சேர்த்து.

படிப்பு ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நடந்தது. முதல் வருஷம் எண்ணங்களைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தாளில் கோடு போட்டு ஒரு பக்கம் மனதில் ஓடும் எண்ணத்தையும், மறுபக்கம் அதற்குச் சாதகமான ஆதாரத்தையும் பாதகமான ஆதாரத்தையும் எழுத வைப்பது. இரண்டாம் வருஷம் அந்தத் தாளை மூடி வைத்துவிட்டு, ஒருவருடைய சின்ன வயதில், அம்மா அப்பாவோடு நடந்தவை இப்போது எப்படித் திரும்ப நடக்கின்றன என்று பார்க்கச் சொன்னார்கள். மூன்றாம் வருஷம் உடம்பு. மூச்சு எங்கே தடைபடுகிறது, தோள் எப்போது ஏறுகிறது. காலி நாற்காலியைப் போட்டு, பேச முடியாமல் போனவரை அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேச வைப்பது. நாலாம் வருஷம் எல்லாவற்றையும் சேர்த்து, வருகிற ஆளுக்கு எது பொருந்துமோ அதை எடுப்பது. ஒருங்கிணைந்த முறை என்று அதற்குப் பெயர். "துணியைப் பாத்துட்டு ஆளைத் தேடாதீங்க, ஆளைப் பாத்துட்டுத் துணியை வெட்டுங்க" என்பார் அந்த வகுப்பை நடத்தியவர்.

இதைத் தவிர, படிக்கிறவர்களே அறுபது மணி நேரம் இன்னொருவரிடம் சிகிச்சைக்குப் போய் உட்கார வேண்டும் என்று ஒரு விதி. அக்காவும் போனாள். அறுபதில் ஐம்பது மணி நேரம் மகளைப் பற்றியும் நாத்தனாரைப் பற்றியும் பேசினாள். மீதிப் பத்தில், சிகிச்சை கொடுத்த அம்மாவுக்கே கழுத்து வலி என்று தெரிந்து, அதற்கு என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுத்தாள்.

நாலாம் வருஷத்தில்தான் டிரைவர் வந்தார்.

இலவச சிகிச்சை மையத்தில் வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி அவருடைய நேரம். மாடியில் ஒரு சின்ன அறை. காலையில் அதே அறையில் குழந்தைகளுக்கு எடை பார்ப்பார்கள். மூலையில் எடை பார்க்கும் கருவி, சுவரில் பல் தேய்க்கும் முயல் படம். இரண்டு மெத்தை வைத்த நாற்காலிகள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் குட்டி மேசை, அதன் மேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஒலிப்பதிவுக் கருவி.

டிரைவருக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். பதினோரு மாதத்துக்கு முன்னால், ஒரு நிறுத்தத்தில் இறங்கிய வயதான அம்மாள் ஒருத்தி பின்சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். விசாரணை நடந்தது. ஓட்டுநர் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். திரும்ப வேலைக்கு வா என்று கூப்பிட்டார்கள். அவரால் வண்டியில் ஏற முடியவில்லை. ஏறினால் கால் மரத்துப் போகிறது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகிறது.

"தப்பு என் மேலதான்னு தோணுது மேடம்" என்றார் முதல் நாள்.

அவள் தாளை எடுத்தாள். சாதகம், பாதகம். டிரைவர் முத்து முத்தான கையெழுத்தில், பாதகமான ஆதாரம் என்ற பத்தியில் விசாரணை அறிக்கை என்று எழுதினார். ஒவ்வொரு வாரமும் அதையே எழுதினார். அவருடைய கோப்பு தடித்தது.

அவளுடைய கடைசித் தேர்வே அந்தக் கோப்புதான். ஒரே ஆள், குறைந்தது இருபது சந்திப்பு, தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் ஒவ்வொரு ஒலிப்பதிவு. தேர்வாளர்கள் மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் பட்டம் கொடுப்பதா வேண்டாமா என்று சொல்வார்கள். டிரைவர் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருந்தார். எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று அதே தாளின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. அதை வாசித்துக் காட்டியது அவள்தான்.

பதினெட்டாவது வாரம் காலி நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு, "அந்தம்மா இதுல உக்காந்திருக்காங்கன்னு நெனச்சுக்கோங்க. அவங்ககிட்ட என்ன சொல்லணுமோ சொல்லுங்க" என்றாள்.

டிரைவர் நாற்காலியை ரொம்ப நேரம் பார்த்தார். "அவங்க உக்காரல மேடம். நின்னுட்டு இருந்தாங்க" என்றார்.

"சரி. இப்ப மூச்சு எப்படி இருக்குன்னு கவனிங்க. தோளைத் தளர்த்துங்க. கால் ரெண்டும் தரையில படுதா?"

அவர் தோளைத் தளர்த்தினார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை.

மேற்பார்வையாளர் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். மாணவர்கள் அவளுக்குப் 'பாஸ் பட்டன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்த ஒலிப்பதிவையும் அவள் ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல ஓடவிட்டதில்லை, நடுவில் பொத்தானை அழுத்தி நிறுத்திவிடுவாள். வராந்தாவில் பார்த்தால் "அக்கா, சாப்டீங்களா?" என்பாள். அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டால் அக்கா கிடையாது.

"பதிவுலேர்ந்து மூணு இடம் போடறேன். அவர் குரலைக் கேக்காதீங்க. உங்க குரலை மட்டும் கேளுங்க."

முதல் இடம். டிரைவரின் குரல்: "பக்கத்துக் கண்ணாடியில அப்போ..." உடனே அவள் குரல்: "இந்த எண்ணம் வர்றப்போ உடம்புல எங்க தெரியுது?"

இரண்டாவது இடம். "அன்னைக்கு ஆறு நிமிஷம் லேட்டு மேடம், அதனால..." அவள் குரல்: "லேட்டானா உங்களுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? சின்ன வயசுல வீட்ல இதுக்குத் திட்டுவாங்களா?"

மூன்றாவது, காலி நாற்காலி. நின்னுட்டு இருந்தாங்க. தோளைத் தளர்த்துங்க.

பாஸ் பட்டன் கருவியை நிறுத்தினாள். "முதல்ல உடம்பு. ரெண்டாவதுல சின்ன வயசு. மூணாவதுல மூச்சு. நாலு வருஷம் கத்துக் குடுத்ததை எல்லாம் எடுத்துட்டீங்க. நான் கேக்கறது வேற. இந்த மூணு இடத்துலயும் அவர் என்ன சொல்ல வந்தார்?"

"தெரியல."

"தெரியலேன்னா கேட்டிருக்கலாமே?"

அக்கா கருவியை அவள் பக்கம் தள்ளினாள். "இன்னொரு தடவை போடுங்க" என்றாள். மூன்றையும் மறுபடி கேட்டாள். வார்த்தையை விட்டுவிட்டுத் தொனியை மட்டும் கேட்டாள். கொஞ்சம் மேலே எழும்புகிற, இனிப்புத் தடவின, வேகமான குரல். எத்தனை பசங்க? மூத்தவ என்ன படிக்கிறா? ரப்பர் பட்டை கட்டுகிற குரல்.

"இது ஊசி போடற குரல்" என்றாள். "நான் அந்த ஆளுக்கு ரத்தம் எடுத்துக்கிட்டு இருக்கேன்."

"எடுத்தீங்களா?"

"இல்ல. ஊசியே போடல. பேச்சு மட்டும் குடுத்திருக்கேன்."

பாஸ் பட்டன் சிரிக்கவில்லை. "வலிக்காம பாத்துக்கிட்டீங்க. அவருக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நாட்குறிப்பைப் புரட்டினாள். "ஒரு கடிதம் போடலாம். ஒண்ணுதான். அதுக்கு மேல துரத்தக் கூடாது."

கடிதத்தை நாலு தடவை எழுதினாள். முதலில் எழுதியது ஒரு பக்கம். கடைசியில் மூன்று வரி மிஞ்சியது. 'நீங்கள் சொல்ல வந்ததை நான் மூன்று முறை சொல்ல விடவில்லை. அது என் தவறு. வியாழக்கிழமை நாலு மணிக்கு அறையில் இருப்பேன்.'

அந்த வியாழக்கிழமை மூன்றரைக்கே போய் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் போட்டாள். கோப்பைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். மேசையில் பெட்டியும் ஒலிப்பதிவுக் கருவியும் மட்டும் இருந்தன. நாலு மணிக்குப் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் எப்போதும் நேரம் தவறாத ஆள்.

உட்கார்ந்தார். கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, மடித்தபடியே மேசையில் வைத்தார். அவள் பேசவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று. கீழே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார்கள். அவளுடைய நாக்கு நாலைந்து தடவை பல் வரை வந்து திரும்பியது. கட்டைவிரலால் ஆள்காட்டி விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், பஞ்சை அழுத்துகிற மாதிரி.

"பாத்தேன் மேடம்" என்றார் டிரைவர்.

அவள் காத்திருந்தாள்.

"பக்கத்துக் கண்ணாடியில பாத்தேன். அந்தம்மா இறங்கிட்டாங்க. குடையை விட்டுட்டாங்க போலிருக்கு, திரும்பி வந்து பின்படிக்கட்டுக்கிட்ட நின்னு கையை ஆட்டினாங்க. எனக்கு ஆறு நிமிஷம் லேட்டு. முந்தின ஸ்டாப்புல ஒருத்தன் கெட்ட கெட்ட வார்த்தையா பேசிட்டுப் போயிருந்தான். போம்மா, அடுத்த வண்டியில வந்து டிப்போவுல கேட்டுக்கோன்னு... வாயால சொல்லல. மனசுல. கிளட்சை விட்டேன். நகந்துடுவாங்கன்னு நெனச்சேன். இன்னொரு கையால கம்பியைப் பிடிச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா அது தெரியாது. ஆனா அவங்களைப் பாத்தேன்."

நிறுத்தினார். முயலைப் பார்த்தார்.

"விசாரணையில கண்ணாடியைப் பாத்தியான்னு கேட்டாங்க. பாத்தேன், யாரும் இல்லன்னேன். ஒரே ஒரு வார்த்தை. எழுதிக்கிட்டாங்க. வீட்டுக்காரிகிட்டயும் அதேதான் சொல்லியிருக்கேன். நீங்க அந்தப் பேப்பரைக் குடுக்கறப்போ எல்லாம் அதையே எழுதினேன். எழுத எழுத இன்னும் உள்ள போச்சு."

நீங்க வேணும்னு செய்யலையே என்ற வார்த்தைகள் அவள் வாயில் தயாராக இருந்தன. எவ்வளவு நல்ல வார்த்தைகள், எவ்வளவு சீக்கிரம் கிடைத்துவிடுகின்றன. அவற்றை விழுங்கினாள்.

"ஏதாவது சொல்லுங்க மேடம்."

"நீங்க பாத்தீங்க" என்றாள்.

"ஆமா."

"பாத்துட்டுத்தான் வண்டியை எடுத்தீங்க."

"ஆமா."

அவர் அழுவார் என்று நினைத்தாள். அழவில்லை. "சொல்லிட்டா லேசாயிடும்னு சொல்வாங்க. ஆகல" என்றார்.

"ம்."

"இது இப்ப ஓடுதா?" கருவியைக் காட்டினார்.

"ஓடுது."

"அழிச்சிடுங்க."

"சரி. இன்னைக்குப் பேசினதை மட்டுமா?"

யோசித்தார். "எல்லாத்தையும். அதெல்லாம் பொய்தானே மேடம். உங்க பரீட்சைக்குப் பொய் எதுக்கு?"

ஒரு நொடி தாமதித்தாள். அதை அவள் பிற்பாடு மறைக்கவில்லை. இரண்டு மாதத்தில் தேர்வு. நாலு வருஷத்து வாரக் கடைசிகள். பிறகு கருவியை எடுத்து அவர் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அழித்தாள். ஒவ்வொரு தடவையும் அது 'உறுதியா?' என்று கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஆம் என்று அழுத்தினாள். டிரைவர் உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தார். பத்தொன்பது.

"அடுத்த வாரம் வரலாமா?" என்று கேட்டார்.

"நாலு மணிக்கு இருப்பேன்."

நடந்ததை எல்லாம் அவள் சொல்லக் கேட்டுவிட்டு, பாஸ் பட்டன் அறைக்குள் முதல் தடவையாக "அக்கா" என்றாள். "உங்க நல்ல கேஸ் இதுதான். ஆனா தேர்வுக்குக் குடுக்க முடியாது. வேற ஆள், முதல்லேர்ந்து. ஒரு வருஷம் ஆகும்."

"தெரியும்."

ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் பயன்படுத்திய முறை என்று ஒரு கட்டம் உண்டு. போன மாதம் வரை அந்தக் கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதிக்கொண்டிருந்தாள். இந்த முறை காலியாக விட்டுவிட்டாள். அலுவலக எழுத்தர் திருப்பி அனுப்பினார். "ஏதாவது போடுங்கக்கா. கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் வாங்க மாட்டேங்குது." யோசித்துவிட்டு, உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினாள். அதைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது.

டிரைவர் அதன் பிறகு பதினாலு வாரம் வந்தார். வண்டி ஓட்டவில்லை, டிப்போவிலேயே பயணிகள் விட்டுப்போன பொருள்களை வைத்திருக்கும் அறையில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த அம்மாளின் மகனிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒன்பது வாரம் பேசினார். சொன்னாரா என்று அவளுக்குத் தெரியாது. பதினைந்தாவது வாரம் வரவில்லை. இந்தத் தடவை அவள் கடிதம் போடவில்லை.

படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனது என்று வீட்டில் சொன்ன சாயங்காலம், கணவர் துவைத்த துணிகளை மேசையில் போட்டு மடித்துக்கொண்டிருந்தார். கடையை மூடி மூன்று வருஷம் ஆகிறது. இப்போது வேறொருவருடைய மருந்துக் கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்க்கிறார். "ஃபெயிலா?" என்றார்.

"ஃபெயில் இல்ல. தள்ளிப்போயிருக்கு."

"உங்க ஆளுங்க எல்லாத்துக்கும் ஒரு நல்ல வார்த்தை வெச்சிருக்காங்க."

அவள் துணிக்குவியலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். அவருடைய கையைப் பார்த்தாள். கடையை மூடின நாள் நினைவுக்கு வந்தது. சாவிக்கொத்தை இதே மேசையில் வைத்துவிட்டு, "இன்னைக்கு கடையில ஒண்ணு நடந்துச்சு" என்று தொடங்கினார். அவள் சமையலறையிலிருந்து என்ன சொன்னாள்? முகம் கழுவிட்டு வாங்க, சூடா சாப்பிடலாம் என்றாள். பாப்பாவுக்கு மார்க் வந்திருக்கு தெரியுமா என்றாள். நல்ல குரலில்தான் சொன்னாள். அவர் முகம் கழுவிவிட்டு வந்து சாப்பிட்டார். மார்க்கைப் பற்றி விசாரித்தார்.

"கடையை மூடின அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தீங்க. ஒண்ணு நடந்துச்சுன்னு."

கணவர் ஒரு சட்டையின் பொத்தானைப் போட்டார், மேலிருந்து கீழாக, எல்லாப் பொத்தான்களையும்.

"நானும் உன் கேஸா?"

"இல்ல. கேக்கறேன்."

"மூணு வருஷம் கழிச்சா?"

அவள் சிகிச்சை அறையில் கற்றுக்கொண்டபடி காத்திருந்தாள். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. விளக்கைப் போட எழுந்திருக்க வேண்டும் போலிருந்தது. எழுந்திருக்கவில்லை.

"மறந்துபோச்சு" என்றார்.

மறக்கவில்லை என்பது அவர் சட்டையை மடித்த விதத்தில் தெரிந்தது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் அடுத்த சட்டையை எடுத்தார்.